வெளிநாட்டுக் கோயில்ல மட்டும் விதி கிடையாதா?

பள்ளி லீவு வரப்போகுது. பிள்ளைங்க முதல் தடவையா பாஸ்போர்ட் எடுத்து, கூட்டாளிகளோட பேங்காக், பாலின்னு கிளம்புற நேரம். அதான் இப்பவே எழுதுறோம். பதிவு நீளம், பொறுமையா படிங்க.

பத்துமலையில 272 படி ஏற வர்ற வெளிநாட்டுக்காரங்க, கால் தெரியுற மாதிரி உடுத்தியிருந்தா சாரோங் கட்டச் சொல்றோம். பெரும்பாலானவங்க சிரிச்சுக்கிட்டே கட்டிக்கிறாங்க. ஒருத்தர் மறுத்துட்டா போதும், "நம்ம சமயத்தை மதிக்கலை"ன்னு முகநூலே கொதிக்குது. கொதிக்கட்டும், நியாயம்தான். ஆனா நம்ம பிள்ளைங்க வெளியூர்ல என்ன பண்றாங்க?

பேங்காக் சீலோம் சாலையில இருக்கிற மகா மாரியம்மன் கோயில், 19-ஆம் நூற்றாண்டுல அங்க பிழைக்கப் போன தமிழர்கள் எழுப்பினது. உள்ள படம் எடுக்கக் கூடாது. தாய்லாந்து மக்கள் பூவும் பழமுமா தட்டு ஏந்தி வந்து, கும்பிட்டுட்டுப் போறாங்க. நம்மாளுங்க போனை மறைச்சு வச்சு சந்நிதியை வீடியோ எடுத்து, "பேங்காக்ல நம்ம ஆத்தா"ன்னு டிக்டாக்ல போடுறாங்க. கீழே வரிசையா "ஓம் சக்தி". "ஏம்பா, எடுக்கலாமா?"ன்னு கேக்க ஒரு ஆள் இல்லை.

கேட்டா பதில் தயாரா இருக்கு: "நம்ம சாமிதானே!" நம்ம ஆத்தான்னு உரிமை கொண்டாடுறவங்கதானே அவ வாசல்ல போட்ட விதியை முதல்ல மதிக்கணும்?

இன்னொரு பதில்: "அது வேற மதத்துக் கோயில், சும்மா பார்க்கத்தான் போனோம்." பார்க்கப் போனாலும் அது ஒருத்தர் கும்பிடுற இடம். பேங்காக் மரகத புத்தர் கோயில்ல தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், சந்நிதிக்குள்ள படம் எடுக்கக் கூடாது. பாலியில இடுப்புல சாரோங் கட்டித்தான் கோயிலுக்குள்ள போகணும். பாலிக்காரங்களும் இந்துக்கள்தான், மறந்துடாதீங்க.

இதுக்காக "அடுத்தவங்க கோயிலுக்கே போகாதே"ன்னு சொல்ற பெரியவங்க பேச்சையும் நாங்க ஏத்துக்கலை. தாராளமா போகட்டும். எராவான்ல நான்முகப் பிரம்மாவை 1956-லேர்ந்து தாய்லாந்து மக்கள் எவ்வளவு பயபக்தியா வணங்குறாங்கன்னு பார்த்தா, நம்ம பிள்ளைங்களுக்கும் பக்தி கூடும்.

பெற்றோர்களே, பயணப் பையில ஒரு வேட்டியோ சாரோங்கோ வச்சு அனுப்புங்க. வாசல்ல அறிவிப்பைப் படிக்கச் சொல்லுங்க. புரியலைன்னா அங்க உள்ளவங்ககிட்ட கேட்கட்டும். போன் பைக்குள்ள இருக்கட்டும். கூட்டாளி ஒருத்தன் தப்பு பண்ணா, சிரிக்காம "வேணாம்டா"ன்னு சொல்ற ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்துல இருக்கட்டும். அது உங்க பிள்ளையா இருக்கட்டும்.

தைப்பூசத்துக்கு நம்ம வாசல்ல நின்னு அடுத்தவங்களை "துணி கட்டுங்க, படம் எடுக்காதீங்க"ன்னு சொல்ற தொண்டர்கள் நாங்க. "உங்க பிள்ளைங்க எங்க ஊர்ல அப்படி இருந்தாங்களா?"ன்னு ஒரு தாய்லாந்துக்காரர் திருப்பிக் கேட்டா, என்ன பதில் சொல்றது? சொல்லுங்க.

நியாயம்னு பட்டா, கிளம்பப் போற பிள்ளைங்களுக்குப் பகிருங்க. முருகா சரணம்.