காற்றை அளந்தார்கள், நிலம் யாருடையது?

தமிழ்நாட்டில் 150 மீட்டர் உயரத்தில் 95,000 மெகாவாட்டுக்கு மேல் காற்று மின்சாரம் எடுக்க முடியுமாம். மத்திய சர்க்காரின் மதிப்பீடு சொல்கிறது. முதலாளிமார் சபைகளில் இந்த எண்ணை மந்திரம்போல் ஜபிக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கணக்கில் விவசாயி எந்தப் பத்தியில் நிற்கிறான்?

எண் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 50 மீட்டர் உயரத்துக்கு முன்பு சொன்னது 5,530 மெகாவாட். 80 மீட்டரில் 14,152. 100 மீட்டரில் 33,800. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று திடீரென்று பலத்துவிட்டதா? இல்லை, கோபுரம் உயர்ந்தது. உயரே போகப் போக வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும். இது விஞ்ஞானம். இதில் நமக்குத் தகராறு இல்லை.

தகராறு வேறு இடத்தில். முந்தைய மதிப்பீட்டில், காற்று வளமுள்ள நிலத்தில் 2 சதவிகிதம் கிடைக்கும் என்றுதான் வைத்துக்கொண்டார்கள். சென்னையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட 100 மீட்டர் மதிப்பீட்டிலோ தரிசில் 80 சதவிகிதம், சாகுபடி நிலத்தில் 30 சதவிகிதம், காட்டில் 5 சதவிகிதம்! நம் பங்கான 33,800-ல் சுமார் 22,150 மெகாவாட் சாகுபடி நிலத்தின் தலையில் எழுதப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு! உழுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

"காத்தாடியின் காலடி சிறிதுதானே, சுற்றிலும் உழுதுகொள்ளலாமே" என்பார்கள். காலடி சிறிதுதான். கிரேன் வரும் பாதையும் மின்கம்பி போகும் பாதையும் சிறிதா? "தரிசு" என்கிறார்களே, அது யாருக்குத் தரிசு? ஆடு மேய்க்கிறவனுக்கும் பனையேறிக்கும் அதுதான் ஜீவனம். ரெவின்யூ ரிக்கார்டில் தரிசு என்று எழுதிவிட்டால் ஆட்டுக்குப் பசி நின்றுவிடுமா?

காற்றை அளந்தது யார் பணம்? 1980-களில் விஞ்ஞானி அன்னா மாணி தலைமையில் நாடெங்கும் கம்பம் நட்டு அளந்தது பொதுப்பணத்தில். அந்த அம்மையாரின் உழைப்புக்கு நாடு கடன்பட்டது. அறுவடை செய்தவர்களோ வேறு! 1990-களில் முப்பந்தலில் ஆலை நட்டவர்களுக்கு, போட்ட முதல் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரி குறைத்துக்கொள்ள வழி இருந்தது. பிறகு அது 80 சதவிகிதமாயிற்று, 2017 முதல் 40. மின்சாரத்துக்காக நட்டதா, வரிக்காக நட்டதா? நாட்டின் முதல்தரமான காற்றுத் தலங்களில் 225, 250 கிலோவாட் குட்டி ஆலைகள் நெருக்கியடித்து நின்றது இந்த லட்சணத்தில்தான்.

இன்று ஊரில் அளவைக் கம்பம் எழுந்தால் பின்னாலேயே தரகன் வருகிறான். கம்பம் என்ன சொல்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியும், தரகனுக்குத் தெரியும், நிலத்துக்காரனுக்குத் தெரியாது. கரிசல் காட்டை மலிவாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே காட்டில் காவல்காரன் வேலைக்கு நிற்கிறான்.

காற்று மின்சாரம் வேண்டும். நிலக்கரிப் புகையை நாம் விரும்பவில்லை. ஆனால் புது நிலம் தேடும் முன் பழைய தலங்களில் குட்டி ஆலைகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடட்டும். தாலுகாவாரியான காற்றுக் கணக்கைத் தமிழில் கிராம சபையில் ஒட்டட்டும். மேய்ச்சல் புறம்போக்கை ஊர் சம்மதமின்றிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விவசாயியின் நிலம் விலைக்கல்ல, குத்தகைக்கு மட்டுமே. குத்தகைப் பணத்தோடு, விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் அவனுக்குப் பங்கு எழுதப்பட வேண்டும்.