நாடகத்தை யார் கணக்கில் ஒளிபரப்புகிறீர்கள்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், கிள்ளானில் ஒரு கோயில் திடல். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கதையை நம் பிள்ளைகள் நாடகமாகப் போடுகிறார்கள். ஓர் இளைஞன் கைத்தொலைபேசியை உயர்த்தி நேரலையாகக் காட்டுகிறான். "எதற்கு வம்பு?" என்கிறார்கள் பெரியவர்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை.

2003-இல் இன்ஸ்டண்ட் கஃபே நாடகக் குழுவின் நையாண்டியைக் குறைகூறி நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் குழுவுக்குத் தடை போட்டது. 2022-இல் ஒரு நகைச்சுவை கிளப்பில் எடுத்த துண்டுக் காணொளி பரவியது, உரிமம் பறிபோனது. கடிதமும் துண்டும் முழு நிகழ்ச்சி ஆகுமா? தொடக்கம் முதல் முடிவு வரை காட்டுங்கள் என்கிறேன்.

ஆனால், வாசகர்களே, 1950ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவை மறக்காதீர்கள். 2012-இல் நுழைத்தார்கள். யார் கணக்கில் வெளியாகிறதோ அவரே வெளியிட்டவர் என்று சட்டம் கருதும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. இதைப் பதினெட்டு வயதுப் பையன் தலையில் கட்டலாமா? குழுவின் பெயரில் கணக்குத் திறங்கள், பொறுப்பைச் செயலவை ஏற்கட்டும். மூலப் பதிவை வெட்டாமல் வையுங்கள். 90ஏ பிரிவின்படி, உரிய சான்றிதழோடு அது நீதிமன்றத்தில் சாட்சியமாகும். (மேடை உரிமம் தனிக்கதை. கோலாலம்பூருக்கு 1992 கேளிக்கைச் சட்டம், கிள்ளானுக்குச் சிலாங்கூரின் 1995 சட்டம்.)

நடிப்பவர்களில் அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். முகம் தெரியலாமா என்று பெற்றோரிடம் ஒத்திகை நாளிலேயே எழுதி வாங்குங்கள். திரை விலகிய பிறகு கேட்க முடியாது.