உரிமை வரலாறும் புத்தொளிப் பயிற்சியும்

புத்தொளிப் பயிற்சி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன ஒரு கோப்பு, வருகைப் பதிவேடு, நிறைவுநாள் சான்றிதழ் ஆகியனவே. பாடத்தின் தன்மைக்கேற்பப் பயிற்சியின் தன்மையும் மாறவேண்டும் என்னும் எண்ணம் அரிதாகவே எழுகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமையுரிமைப் போராட்ட வரலாறு அந்நாட்டுப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் முறையை நோக்கின், இக்குறை எத்துணைப் பெரிதென்பது விளங்கும். மாண்ட்கோமரி நகரில் இயங்கும் தெற்கத்திய வறுமைச் சட்ட மையம் 2011ஆம் ஆண்டில் மாநிலங்களின் பாடத்திட்டங்களை மதிப்பிட்டு, 35 மாநிலங்களுக்குத் தோல்வி மதிப்பெண் வழங்கியது. பாடத்திட்டத்தைத் திருத்திவிட்டால் போதும் என்பர் சிலர். யான் அவ்வாறு கருதவில்லை. அச்சிட்ட பாடத்திட்டம் எதுவாயினும், ஆசிரியர் தாம் சிறுவயதில் கேட்ட கதையையே வகுப்பில் சொல்லிவிடுகின்றார்.

அக்கதை நாமும் அறிந்ததே. வேலை முடிந்து களைப்புடன் பேருந்தில் அமர்ந்திருந்த ரோசா பார்க்ஸ் என்னும் தையற்காரப் பெண்மணி, வெள்ளையருக்கு இடம்தர மறுத்தார்; நாடு விழித்தது; சட்டம் மாறியது. நடந்ததோ வேறு. 1955 டிசம்பர் முதல் நாள் கைதானபோது அவருக்கு வயது 42. உடற்களைப்பே காரணம் என்பதை அவரே பிற்காலத்தில் மறுத்துள்ளார். கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளையில் 1943 முதல் செயலாளராகப் பணியாற்றியவர் அவர். அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்னரே, கிளாடெட் கால்வின் என்னும் பதினைந்து வயது மாணவி அதே நகரில் அதே காரணத்துக்காகக் கைதானாள். பேருந்துப் பிரிவினையை வீழ்த்திய வழக்கின் வாதியருள் கால்வின் இருந்தாள், பார்க்ஸ் இல்லை.

பார்க்ஸ் கைதான இரவில் விழித்திருந்தவர் ஓர் ஆசிரியை. அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், உடன் பணியாற்றிய ஒருவர், மாணவர் இருவர் ஆகியோர் துணையுடன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் பொறியில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை விடியுமுன் உருட்டி எடுத்தார். (மொழியாசிரியருக்கு வரலாற்றில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இதனை நோக்குவாராக!) பேருந்துப் புறக்கணிப்பு நேரக்கூடும் என்று அவர் மேயருக்கு மடல் எழுதியது 1954 மே 21. அதாவது, பார்க்ஸ் கைதாவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னர். 381 நாள் நீடித்த புறக்கணிப்பு திடீரென முளைத்ததன்று.

சிறுவர்க்கு எளிய கதை போதாதா என்று கேட்கலாம். எளிமை வேண்டும்தான். ஆனால் அக்கதையைக் கேட்ட குழந்தை, உத்தமர் ஒருவர் வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்கின்றது. கூடிப் பேசியோர், எழுதியோர், அச்சடித்தோர், ஓராண்டு நடந்தே வேலைக்குச் சென்றோர் எவரும் அதன் கண்ணில் படுவதில்லை.

ஆகவே இப்பாட ஆசிரியர்க்கான பயிற்சி, ராபின்சனின் மடலையும் வழக்கு ஆவணங்களையும் அவர்தம் கையில் தரவேண்டும். அவற்றைக் கொண்டு வினாத் தொடுக்கப் பழக்கவேண்டும். இத்தகைய பயிற்சிக்கு முன்மாதிரியை அவ்வியக்கமே விட்டுச்சென்றுள்ளது. டென்னசி மாநிலத்து ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் 1955 கோடையில் பார்க்ஸ் பயின்ற பட்டறையை நடத்தியவர் செப்டிமா கிளார்க். ஏறத்தாழ நாற்பதாண்டு ஆசிரியப் பணிக்குப்பின், மேற்கூறிய சங்கத்தின் உறுப்பினர் பொறுப்பைத் துறக்க மறுத்தமைக்காக 1956இல் வேலையிழந்தவர். ஓய்வூதிய உரிமையும் போயிற்று; அது மீண்டது 1976இல். 1957 ஜனவரியில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் முதியோர்க்குக் குடிமைப் பள்ளி தொடங்கியபோது, ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் கிளார்க்கின் உறவினரும் சிகையலங்காரத் தொழில் செய்தவருமான பெர்னிஸ் ராபின்சன். படித்த ஆசிரியர் எனில் எழுத்தறியாதோரைத் தாழ்வாக நோக்கக்கூடும் என்று அஞ்சியே அவரைத் தேர்ந்தனர். மாணவர்களிடம் அவர் முதலில் கேட்டது, உங்களுக்கு எது கற்க வேண்டும் என்பதையே. பெயரெழுதவும் மணியார்டர் படிவம் நிரப்பவும் வாக்காளர் பதிவுக்கான சட்டப் பகுதியைப் படிக்கவும் அவர்கள் விரும்பினர்; அவையே பாடங்களாயின. பயிற்சிக்கூடங்களில் மேடையேறும் வல்லுநர்கள் ஆசிரியரிடம் இவ்வினாவைக் கேட்பதுண்டா?

2021 முதல் அமெரிக்காவின் பல மாநிலங்கள், இனம் குறித்து வகுப்பறையில் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இவ்வரலாற்றை விலக்கிவிடவில்லை. எனினும் எதுவரை பேசலாம் என்னும் ஐயத்தால், பேசத்தக்கதையும் விழுங்கிவிடும் ஆசிரியர் இருப்பர். குடும்பம் நடத்தவேண்டியவர்க்கு அச்சம் இயல்பே. அவரைக் கோழை என்று ஏசுதல் முறையன்று. சட்டம் எதனைத் தடுக்கின்றது, எதனைத் தடுக்கவில்லை என்பதை வரிவரியாக விளக்க, பயிற்சி நிரலில் ஒரு நாளேனும் வழக்கறிஞர் ஒருவருக்கு ஒதுக்கப்பட வேண்டும்.