ஒரு முழுக் காட்சி

வேலை தேடும் இளம் எடிட்டர்கள் அனுப்பும் ஷோரீல்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. ஒன்றரை நிமிடம், அதிரும் இசை, அடிக்கு ஒரு கட். ட்ரோனில் கோபுரம், ஸ்லோமோஷனில் மணப்பெண்ணின் சிரிப்பு, மழையில் பைக், மறுபடி ட்ரோன். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஒளிப்பதிவாளர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. எடிட்டர் என்ன முடிவெடுத்தார் என்பதுதான் தெரிவதில்லை.

'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்காகப் படத்தொகுப்பு, ஒலி இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர் வால்டர் மர்ச். ஒரு கட் சரியானதா என்று பார்க்க ஆறு அளவுகோல்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10. நம் பிள்ளைகளின் ஷோரீல்கள் அந்தப் பத்துக்கு மட்டும் விடை எழுதி, மீதித் தாளை வெறுமையாக விட்டுவிடுகின்றன.

ஒரு முழுக் காட்சியை வையுங்கள் என்பதுதான் நான் அவர்களிடம் கேட்பது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் இரண்டு நிமிடம் போதும். பேசுபவரை விட்டு, கேட்பவரின் முகத்துக்கு எந்தச் சொல்லில் போனீர்கள்? பதில் வருவதற்கு முந்தைய மௌனத்தை எவ்வளவு நேரம் விட்டுவைத்தீர்கள்? உங்களை நம்பி ஃபுட்டேஜைத் தரலாமா என்று ஒரு இயக்குநர் முடிவு செய்வது அங்கேதான்.

"என்னிடம் கல்யாண வீடியோதான் சார் இருக்கிறது" என்று தயங்குகிறார்கள். தயங்க எதுவுமில்லை. தாலி கட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரீடேக் கிடையாது. ஒரு கேமராவை மாமா மறைத்துக்கொண்டிருப்பார், இன்னொன்றில் போட்டோகிராபரின் முதுகு, மூன்றாவது அப்போதுதான் ஃபோகஸ் தேடும். கெட்டிமேளம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அந்த ஒலியை நடுவில் வெட்டினால் நாதஸ்வரம் இடறுவது யார் காதிலும் விழும். அதனால் நல்ல எடிட்டர் ஒலியை முழுசாக ஓடவிட்டு, அதன்மேல் படங்களைக் கோக்கிறார். முடிச்சு விழும் கணம் பதிவாகவே இல்லையென்றால் அம்மாவின் முகத்துக்குப் போகிறார், அட்சதை விழும் கைகளுக்குப் போகிறார். வீட்டார் பார்க்கும்போது ஒன்றும் விடுபட்டதாகத் தோன்றாது. இது பெரிய திறமை. இதை ஹைலைட்ஸ் ரீலுக்குள் மூன்று விநாடியாக நறுக்கிப் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அந்தக் காட்சியோடு நாலு வரி எழுதிச் சேர்த்துவிடுங்கள். எத்தனை கேமரா, எவ்வளவு நேர ஃபுட்டேஜ், எதில் சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள். கலரும் சவுண்டும் வேறொருவர் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். திரையைப் பார்த்து மட்டும் எடிட்டரின் உழைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிட்டது எது என்று தெரிந்தால்தான் வைத்துக்கொண்டதன் மதிப்பு புரியும்.

கல்யாண வீடியோவை மற்றவர்களுக்குக் காட்டும் அனுமதியை முன்பணம் வாங்கும்போதே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். குடும்பத்தார் தயங்கினால் பாஸ்வேர்டு போட்ட இணைப்பாக வைக்கலாம். சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் உரிமைக்கோரலில் வீடியோவே முடங்கக்கூடும்.

முழுமையான சின்னப் படைப்புக்கு என்ன வலு உண்டு என்பதை நாம் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' மேடையில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் சில ஆண்டுகளிலேயே திரையரங்குக்கு வந்தார்கள். பாலாஜி மோகனின் குறும்படம் 'காதலில் சொதப்புவது எப்படி' 2012-இல் அதே பெயரில் முழுப் படமானது. தொடக்கம், நடு, முடிவு என்று முழுதாக ஒன்றைச் செய்து காட்டியதால் வந்த நம்பிக்கை அது. எடிட்டருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் குறும்படம் எடுக்கும் நண்பர்களிடம் ரஷ்ஷைக் கேளுங்கள். படம் முடிந்துபோன பிறகு கேட்டால் பலர் சந்தோஷமாகவே தருவார்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இதற்குத் தாராளம். அதில் ஒரு காட்சியை இரண்டு விதமாக வெட்டுங்கள். அப்பாவும் மகனும் பேசுவது என்றால், ஒன்று மகன் பக்கம் நின்று, இன்னொன்று அப்பா பக்கம் நின்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அனுப்புங்கள். எனக்கு வரும் இணைப்புகளில் முதலில் அதைத்தான் திறப்பேன்.