ஏட்டுச் சுரைக்காயும் கலப்பு வண்டியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதுமொழி. ஐரோப்பியச் சந்தையில் இன்று பெருகிவரும் ஒருவகை மோட்டார் வண்டிக்கு இது முற்றும் பொருந்தும். பெற்றோல் இயந்திரத்தோடு, வீட்டு மின்சாரத்தால் ஏற்றம்பெறும் மின்கலவடுக்கையும் கொண்ட ‘பிளக்-இன் ஹைபிரிட்’ என்னும் கலப்பு வண்டியே அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையான புதிய கார்களுள் 2024இல் நூற்றுக்கு 7 அளவாயிருந்த இவ்வகை, 2025இல் 9ஐக் கடந்தது. சீனாவிலிருந்து வரும் முழு மின்வண்டிகள் மீது 2024 ஒக்டோபரில் விதிக்கப்பட்ட மேலதிகத் தீர்வை இவற்றைத் தீண்டாமையும் அதற்கு ஒரு காரணமாகும்.

இவ்வளர்ச்சியைச் சூழலுக்குக் கிட்டிய வெற்றி என்போர் உளர். அவர்கள் காட்டும் சான்று ஆய்வுகூடச் சோதனையின் பெறுபேறே. வண்டியோட்டி நாடோறும் மின்னேற்றுவான் எனக் கொண்டு எழுதப்பட்ட கணக்கு அது. உண்மை யாது? 2021இல் பதிவான வண்டிகளுள் பொருத்தப்பட்ட கருவிகள் குறித்த எரிபொருட் கணக்கை ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் வெளியிட்டது. கலப்பு வண்டிகள் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு, ஏட்டளவின் மூன்றரை மடங்கு! வெறும் பெற்றோல், டீசல் வண்டிகளிலோ அவ்வேறுபாடு நூற்றுக்கு 20 அளவே.

காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஜேர்மனி முதலிய நாடுகளில் இவற்றுட் பல, நிறுவனங்கள் ஊழியருக்கு வழங்குபவை. எரிபொருட் செலவை நிறுவனம் ஏற்க, வீட்டு மின்கட்டணம் ஊழியன் தலையில் விழுமாயின், அவன் எதனை நாடுவான்? குறைந்த வரிக்காக வாங்கப்பட்ட வண்டியின் மின்வடம் உறை பிரியாமலே கிடக்கும்.

வண்டியிற் குற்றமில்லை. இரவுதோறும் மின்னேற்றிக் குறுந்தொலைவு செல்வோனுக்கு அது நற்றுணையே. குற்றம், பயனுக்கன்றி மின்செருகிக்குப் பரிசளித்த சட்டத்தினது. கிலோமீற்றருக்கு 50 கிராமுக்குக் குறைவாக வெளிவிடுவதாக ஏட்டில் எழுதப்பட்ட வண்டியொன்றை, 2020இல் உற்பத்தியாளரின் கணக்கில் இரண்டாக எண்ணிற்று அச்சட்டம். அவ்வாறு பெற்ற சலுகையின் நிழலில் பெருவண்டிகள் விலைபோயின.

முழு மின்வண்டிக்குச் செல்லும் பாலம் இது என வாதிடுவர். பாலமெனின் அக்கரை சேர்க்க வேண்டும். நடுவில் நிறுத்திச் சுங்கம் வாங்குவது பாலமாகாது. கணக்கைத் திருத்தும் விதியின் முதற்படி 2025இல் புதிய மாதிரிகளுக்கு நடைமுறையாயிற்று. அடுத்த படியைக் கைவிடுமாறு ஜேர்மன் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் அவ்வாண்டிலேயே கோரிற்று. தம் வண்டி தூயதென நம்புவோர் அளவுகோலுக்கு அஞ்சுவதேன்?

வழி எளிது. எரிபொருளை அளக்கும் கருவி ஏலவே வண்டிக்குள் இருக்கிறது. சலுகையும் வரியும் அக்கருவி காட்டும் அளவையே பின்பற்றுக. மின்னேற்றுவோன் பயன்பெறட்டும், ஏற்றாதோன் எரித்த பெற்றோலுக்கு உரிய விலையைச் செலுத்தட்டும். புவியின் வெப்பத்தைக் கூட்டுவது வண்டி கக்கும் புகையேயன்றி ஏட்டில் எழுதிய எண்ணன்று.