கருக்கலைப்பும் வாசல் கேள்விகளும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு மையங்களுக்கு 150 மீட்டருக்குள் நின்று, வரும் பெண்களின் மனத்தை மாற்ற முயல்வது 2024 அக்டோபர் 31 முதல் குற்றம். திருவள்ளூர், திருப்பாச்சூர் பக்கம் பதாகை பிடிப்போர் இல்லை. இங்கே தடை கேள்வியாக வருகிறது: “வீட்டுக்காரர் வரலையா? யார் கையெழுத்து போடுவாங்க?” குடும்பத்தை விட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதுவே போதும், திரும்பிப் போய்விட.

ஆனால் இந்தியாவின் 1971 மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கணவரின் கையெழுத்தைக் கேட்கவில்லை. 18 வயது நிறைந்த, மனநலம் உள்ள பெண்ணின் சம்மதம் போதும். 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். மணமாகாதவர்களுக்கும் இந்த 24 வார வரம்பு உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்பத்தினர் சம்மதம் போன்ற கூடுதல் நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் அது சொன்னது.

கருவும் உயிரே என்று நம்புவோரிடம் பொறுமையாகப் பேசத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு வந்தவளை நிறுத்திவைத்து அல்ல. அவளுடைய அந்தரங்கத்தையும் சட்டம் காக்கிறது: அவள் பெயரை மருத்துவர் வெளியிட்டாலே ஓராண்டு வரை சிறை உண்டு.

– ஒரு வாசகர், திருப்பாச்சூர்