'நம்ம கடைதானே தம்பி, பாத்துக்கிடலாம்!' - ஊர் ஸ்டூடியோவின் பாக்கிக் கணக்கு

பரீட்சை விண்ணப்பத்துக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு முழு உருவப் படம், கல்யாணத்துக்கு ஓர் ஆல்பம், கடைசியில் மாலை போட்டுச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம். ஒரு குடும்பத்துக்கும் ஊர் ஸ்டூடியோவுக்கும் உள்ள உறவு பல காலம் இப்படித்தான் ஓடியது. அதில் முக்கால்வாசியை செல்போன் எடுத்துக்கொண்டது. ஆதார் மையத்தில் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலும் அப்படியே. கல்யாண ஆர்டர்களைப் பிடிக்க, பெரிய ஊர்களிலிருந்து ட்ரோன் சகிதம் டீம்கள் வந்து இறங்குகின்றன.

அப்படியானால் ஸ்ரீவைகுண்டம் மாதிரி ஓர் ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு மிச்சம் இருப்பது என்ன?

கடைகள்தான். ஊரைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். மேற்கே திருநெல்வேலி அல்வா, கிழக்கே தூத்துக்குடி மக்ரூனும் உப்பும், தெற்கே புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டி, பக்கத்திலேயே அதே பெருமை பெற்ற ஆத்தூர் வெற்றிலை. ஏரல் கடைத்தெரு இருக்கிறது. நெல்லையைத் தாண்டினால் பத்தமடைப் பாய். இவை எல்லாவற்றையும் இன்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஆன்லைனில் வாங்குகிறவர் தொட்டுப் பார்க்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது. படம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் படத்தை யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இங்கேதான் ஸ்டூடியோக்காரருக்கு ஒரு புது வாழ்வு காத்திருக்கிறது. புதுத் தலைவலியும் கூடவே வருகிறது.

கல்யாணப் படத்துக்குப் பழகிய கைக்கு, பொருளைப் படமெடுப்பது வேறு வித்தை. அல்வாவையே எடுத்துக்கொள்வோம். நேராக ஃபிளாஷ் அடித்தால் நெய்ப் பளபளப்பு முழுக்க வெள்ளைத் திட்டுகளாகிவிடும். வெளிச்சத்தைப் பின்பக்கவாட்டிலிருந்து, மெல்லிய வெள்ளைத் துணி வழியாக விட வேண்டும். அதுவும் சூடு ஆறும் முன்பே. ஆறிவிட்டால் நெய் உறைந்து, கண்ணாடி மாதிரி இருந்த அல்வா மங்கிப்போகும். எவர்சில்வர், பித்தளைப் பாத்திரம் என்றால் கேமராவும் அதைப் பிடித்திருப்பவரின் தொப்பையும் சேர்ந்தே படத்தில் விழும். அதனால் பாத்திரத்தைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒரு கூடாரமே கட்டுகிறார்கள்.

கருப்பட்டிக்கு வேறு பிரச்னை. ஆன்லைன் தளங்கள் கேட்பது வெள்ளைப் பின்னணி. அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தின் 85 சதவிகிதத்தை நிறைக்க வேண்டும் என்று விதியே உண்டு. ஆனால், வெள்ளை அதிகமாக இருந்தால் கேமரா ஏமாந்துபோய், வெளிச்சம் ஜாஸ்தி என்று நினைத்து மொத்தப் படத்தையும் சாம்பல் நிறமாக்கிவிடும். கையால் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். கூட்டினால் கருப்பட்டி செங்கல் நிறத்துக்குப் போய்விடாமலும் பார்க்க வேண்டும். பத்தமடைப் பாயில் நெசவு மிக நெருக்கம் என்பதால், டிஜிட்டல் கேமராவில் இல்லாத அலைக்கோடுகள் வந்து விழும். கோணத்தையும் தூரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித்தான் அதை விரட்ட முடியும்.

ஒளி எங்கே, எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதில் இந்த ஊருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. நவதிருப்பதிகளில் முதலாவதான இங்கேயுள்ள கள்ளபிரான் கோயிலில் சித்திரை 6, ஐப்பசி 6 ஆகிய இரண்டு நாள்களிலும் சூரிய ஒளி உள்ளே வந்து பெருமாள் மேல் படும் என்பார்கள். ஸ்டூடியோவுக்குள் அந்த வேலையை ஒரு சாஃப்ட்பாக்ஸும் இரண்டு தெர்மகோல் அட்டைகளும்தான் செய்தாக வேண்டும்.

சரி, படம் நன்றாக வந்துவிட்டது. கடைக்காரர் 'வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க தம்பி' என்பார். அனுப்பியதும் பிக்சல்கள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அதே படத்தை அவர் அச்சகத்துக்கு அனுப்பி நோட்டீஸ் அடிப்பார். மங்கலாக வரும். பழி யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏ4 அளவு நோட்டீஸைத் தெளிவாக அச்சடிக்க, 300 டிபிஐ கணக்கில் 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் குறையாமல் போகும். எது போனுக்கு, எது அச்சுக்கு என்று ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுகிறவர்களுக்குப் பாதிச் சண்டை மிச்சம்.

மீதிப் பாதி, காசு.

சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு வேலை பார்த்தால் கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் என்று எல்லாமே காகிதத்தில் நடக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் கடைக்காரர் அண்ணாச்சி. அவர் மகனும் ஸ்டூடியோக்காரரும் ஒரே பள்ளிக்கூடம். போன வருஷம் அவர் வீட்டு மொட்டைக்கும் காதுகுத்துக்கும் இவர்தான் படம். இப்படிப்பட்டவரிடம் 'அட்வான்ஸ்' என்று வாயைத் திறப்பது எப்படி? திறந்தாலும் வரும் பதில் தெரிந்ததுதான்: "நம்ம கடைதானே தம்பி, தீவாளிக்கு மொத்தமா பாத்துக்கிடலாம்." தீபாவளி பொங்கலாகும், பொங்கல் பங்குனி உத்திரமாகும். அண்ணாச்சி ஏமாற்றுகிறவர் அல்ல. மாவுக்கும் நெய்க்கும் கொடுக்க வேண்டியதை நாள் தவறாமல் கொடுப்பவர்தான். படம் எடுப்பதற்கு என்ன செலவு, பட்டனை அமுக்குவதுதானே என்ற நினைப்புதான் அவருக்கு.

அந்த நினைப்பு தப்பு என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு போதும். உதாரணத்துக்கு, கேமரா, லென்ஸ், லைட் எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது நான்கு வருஷம் உழைக்கும் என்றால், ஒரு படம்கூட எடுக்காவிட்டாலும் மாதம் 3,750 ரூபாய் தேய்ந்துகொண்டிருக்கிறது. கடை வாடகை, கரன்ட், உதவியாளர் சம்பளம், சாஃப்ட்வேர் சந்தா எல்லாம் இதற்கு மேலே. முப்பது பொருள்களை ஒரு பகலில் எடுத்துவிடலாம். பின்னணி வெட்டி, நிறம் சரிசெய்ய இரண்டு ராத்திரி போகும். அந்த ராத்திரிகளை பில்லில் எழுதுகிறவர்கள் குறைவு. 'ஒரு போட்டோவுக்கு இவ்வளவு' என்று மொத்தமாகச் சொல்லாமல் படமெடுக்க, எடிட்டிங்குக்கு, போக்குவரத்துக்கு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினால், பேரம் பேசுகிறவருக்கும் எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்பது தெரியும்.

பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சிறு, குறு நிறுவனமாக உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்வது இலவசம். ஸ்டூடியோவையும் சேவை நிறுவனமாகப் பதியலாம். பதிந்தவருக்கு 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. புகார் கொடுக்க ஆன்லைனில் இடம் உண்டு.

கொடுப்பார்களா என்றால், மாட்டார்கள். தேரோட்டத்தில் பக்கத்தில் நின்று வடம் பிடிக்கிறவர் மேல் யார் புகார் கொடுப்பார்? ஆனால், இந்தச் சட்டத்துக்கு இன்னொரு கை இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, இப்படிப் பதிவான குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் பாக்கி வைத்தால், கொடுத்து முடிக்கும் வரை அந்தத் தொகையைக் கடைக்காரர் தன் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. அதாவது, கணக்கு எழுதி வரி கட்டுகிற கடை என்றால் வரி கூடும். பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் போதும், மார்ச் மாதத்தில் ஆடிட்டரே அண்ணாச்சியிடம் கேட்டுவிடுவார். ஸ்டூடியோக்காரர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. முகம் முறியாமல் காசு வர இதைவிட நல்ல வழி இந்தத் தொழிலில் இல்லை.

பணத்தைவிட அதிகமாகக் குழப்பும் கேள்வி, படம் யாருக்குச் சொந்தம் என்பது.

'நான் எடுத்தேன், எனக்குத்தான் சொந்தம்' என்று அநேக போட்டோகிராபர்கள் நம்புகிறார்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிரதிபலன் தந்து எடுக்கப்பட்ட படம் என்றால், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17-வது பிரிவு. எடுத்தவருக்கு 'ஆக்கியவர்' என்ற பெயர் உண்டு. 'இது நான் எடுத்த படம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் அவரைவிட்டுப் போகாது. ஆனால், ஒரு கடைக்கு எடுத்த வாழைக்காய் சிப்ஸ் படத்தை இன்னொரு கடைக்கு விற்க முடியாது.

இதே விதி கல்யாண வீட்டாருக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. காசு கொடுத்து எடுத்த கல்யாணப் படத்தை ஸ்டூடியோ வாசல் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும் என்றால், வீட்டாரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். மணப்பெண்ணின் படத்தில் கழுத்து நிறைய நகை இருக்கிறதே என்று நகைக்கடை விளம்பரத்துக்குத் தூக்கிக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அந்தப் பெண்ணின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஊரில் கெட்டுப்போகும் பெயர், கோர்ட்டில் கட்டும் அபராதத்தைவிடக் கனமானது.

சட்டம் 'வேறு ஒப்பந்தம் இல்லாதவரை' என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறதல்லவா? அதற்கு ஒரு பக்கக் காகிதம் போதும். எத்தனை படம், எதற்கு (ஆன்லைனுக்கா, நோட்டீஸுக்கா, நெடுஞ்சாலை போர்டுக்கா), எத்தனை முறை திருத்தம், முழுப் பணமும் வந்த பிறகே உரிமை கடைக்கு மாறும் என்று ஒரு வரி. அடியில் இருவர் கையெழுத்து. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிட மறந்துவிட்டால், சட்டம் அதை ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். துபாய்க்குக் கருப்பட்டி ஏற்றுமதி செய்ய நினைக்கிற கடைக்காரருக்கு இந்த வரி முக்கியம். ஆக, அந்தக் காகிதம் ஸ்டூடியோவுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை.

இந்தப் பக்கத்துக்கு இப்படியொரு தொழில் புதிதும் அல்ல. இதே தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே கோவில்பட்டியில், 1940-களில் சி.கொண்டையராஜு (1898 - 1976) குடியேறினார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். டி.எஸ்.சுப்பையா உள்ளிட்ட சீடர்களோடு கோவில்பட்டியில் அவர் ஸ்டூடியோ நடத்தினார். அங்கிருந்து கிளம்பிய லட்சுமியும் முருகனும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி, கடைகளின் பெயரைத் தாங்கித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரெங்கும் தொங்கினார்கள். மேலே சாமி, கீழே கொட்டை எழுத்தில் கடைப் பெயர், படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓவியர் கையெழுத்து. காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டவர்களில் எத்தனை பேர் அந்த ஓரத்தைப் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் அந்தக் கையெழுத்து இருந்ததால்தான், இன்று ஆய்வாளர்கள் அந்தப் படங்களைத் தேடிப்பிடித்து இன்னாருடையது என்று சொல்ல முடிகிறது.

பழைய போட்டோ ஸ்டூடியோக்களுக்கு அந்த அதிர்ஷ்டம்கூடக் குறைவு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. கண்ணாடி நெகட்டிவ்களைப் பூஞ்சையும் ஈரமும் தின்று தீர்க்கும் முன் காப்பாற்றும் வேலை அது.

ஈரம் என்றால் என்னவென்று ஸ்ரீவைகுண்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே தவித்தார்கள். ஏரல் கடைத்தெரு மூழ்கியது. தரைத்தளத்தில் இருக்கும் ஸ்டூடியோவுக்குள் அப்படித் தண்ணீர் வந்தால் கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கலாம், வாடிக்கையாளர்களின் பத்து வருஷப் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு என்ன செய்வது? மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பில், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. வேறு ஊர் என்பது கிளவுடாக இருக்கலாம், மதுரையில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். ஆற்றங்கரையில் தொழில் செய்கிறவர் மாதச் சேமிப்புக் கட்டணம் என்று பில்லில் ஒரு வரி சேர்த்தால் அது பேராசை ஆகாது. கடை மூழ்கினாலும் கடையின் படங்கள் மூழ்காது என்பதற்கான விலை அது.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஸ்டூடியோவில் ஈ ஓட்டும் காலம் என்பார்கள். ஆனால், ஜவுளிக்கடைத் தள்ளுபடி விளம்பரம் ஆடியில்தான். தீபாவளிக்குப் பலகாரப் பெட்டி விற்கிற கடை, ஆவணிக்குள் படம் எடுத்து முடித்தால்தான் அச்சுக்கும் ஆன்லைனுக்கும் நேரம் கிடைக்கும். ஆகவே கொட்டேஷன் எழுத ஆடி தோதான மாதம். போன பொங்கல் பாக்கிக்கு உத்யம் எண்ணோடு ஒரு பில் அனுப்பவும் தோதுதான்.